ஐந்தாவது மாதிரி

ஊதா நிறக் கரைசலில் கீரைச் சாற்றை விட்டால் அது வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ, கீரையில் அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு தனியார் லேபில் அதை அளந்து எழுதுவதுதான் ரோஹிணிக்கு வேலை.

பொன்னாங்கண்ணிப் பொடி விற்கும் ஒரு கம்பெனி, புனேயில் ஐந்து இடத்துக் கீரையைச் சோதித்துச் சொல்லக் கேட்டிருந்தது. எது உசத்தியோ அங்கே மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். நான்கு இடத்துக் கீரைதான் கிடைத்தது. ஐந்தாவதை ரோஹிணியே கொண்டுவந்தாள். ஏரவாடாவில், தமிழர்கள் குடியிருக்கும் சந்தின் அருகே, சாக்கடையாகிப் போன நாலா என்ற ஓடையின் கரையில் அவள் அம்மா வனஜா போட்டிருக்கும் கீரை. சித்தாள் வேலையில் இடுப்பு போனபிறகு வனஜாவுக்கு அந்தச் சேற்றுப் பாத்திகள்தான் பிழைப்பு. அம்மாவின் கீரையும் ஒருநாள் மெஷினில் ஏறட்டும் என்று மகளுக்கு ஒரு கர்வம்.

மற்ற நான்கையும் அது தோற்கடித்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"உங்கம்மா கீரைதாம்மா ஃபர்ஸ்ட்!" என்றார் லேபின் தலைவர் ஜம்புநாதன். "கம்பெனிக்காரா நாளைக்கே தோட்டம் பார்க்க வராளாம். இனிமே உங்கம்மா தெருத்தெருவா கூடை தூக்க வேண்டாம்."

அந்தச் சந்தோஷம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. அதே செடி, அதே இலை. இரண்டு மடங்கு எப்படி வரும்? திறந்த டப்பாவை அப்படியே மூடி வைத்தாள். கெட்ட தண்ணீரில் நிற்கும் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இந்தச் சரக்கைக் கூடுதலாகச் சுரக்கும் என்று காலேஜில் படித்திருந்தாள். மண்வெட்டி பிடிக்கிற கை காய்த்துப் போவதுபோல. காய்த்த கையைப் பார்த்து நல்ல கெட்டி என்று மெச்சுகிறவனும் உலகத்தில் உண்டு.

உலோகம் அளக்கும் மெஷினில் வேறு யாருடைய சோதனையோ ஓடிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் அம்மாவின் கீரையையும் வைத்தாள். காரீயம், அனுமதித்த அளவைப் போல் எட்டு மடங்கு. நாலாவின் மேல்பக்கம் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைகள் இருந்தன. அது ஏரவாடாவில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஜம்புநாதன் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"இதை யாரு பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

"அவா கேட்டது ஆன்டிஆக்ஸிடன்ட். அதைச் சொல்லிட்டோம். கேக்காததைச் சோதிக்கறதும் இல்லை, எழுதறதும் இல்லை. எந்த லேபிலயும் இதான் வழக்கம்."

"திங்கறவங்க சார்?"

"திங்கறவா நம்ம கிளையன்ட் இல்லேம்மா. கையெழுத்தைப் போடு."

சோதித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. ரோஹிணி பேனாவை எடுத்தாள். அட்டவணையின் அடியில் காரீயம் என்றும் அதன் அளவையும் கையாலேயே இங்கிலீஷில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஜம்புநாதன் அதை நிதானமாக நான்காகக் கிழித்தார். "தேஜஸ், இதர் ஆ," என்று பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டார். புதிதாக அச்சடித்த தாளில் தேஜஸ் கையெழுத்துப் போட்டான். படிக்கவில்லை.

"நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றார் ஜம்புநாதன்.

"வரலை. என் அம்மா கீரைய நீங்க ஒரு நாள் துன்னு பாருங்க சார்." மெஷின் துப்பிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வனஜா சந்துமுனையில் உட்கார்ந்து கீரைக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஷீலா இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். ரோஹிணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேலைய உட்டுட்டு வந்தியா?" வனஜா கையிலிருந்த கட்டை வீசி எறிந்தாள். "முப்பது வருசமா இத்தத்தான் துன்றோம். அப்பல்லாம் ஒரு நாயும் மெஷின் எடுத்துக்கினு வர்ல. நான் உக்காந்து துன்னலாம்னு ஒரு வழி வந்தா, இன்னிக்குத்தான் உனுக்கு அது வெசமா?"

"முப்பது வருசமும் வெசந்தாம்மா. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"பெரிய வூட்டுக்காரன் துன்னா உனுக்கு இன்னாடி? துன்னட்டும். நம்ம துன்னப்ப அவன் அழுதானா?"

அம்மாவின் கோபத்தில் பாதி ரோஹிணியுடையதாகவும் இருந்தது.

"தண்ணியில நல்லா அலசிட்டா போய்டும்ல?" என்றாள் ஷீலா.

"போவாதுக்கா. இலைக்குள்ள இருக்குது. அதிகமா பாதிக்கறது சின்னப் புள்ளைங்களத்தான்."

ஷீலா இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு வனஜாவைப் பார்த்தாள். "கண்ணுக்கு நல்லதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தியேக்கா. தெனம் மசிச்சு ஊட்டினேனே."

"எனுக்குத் தெரியுமாடி?" வனஜாவின் குரல் கிழிந்தது. "நானும் இவளுக்கு ஊட்டித்தானே வளத்தேன்!"

ஷீலா குனிந்து, தரையில் கிடந்த கட்டை எடுத்து மண்ணைத் தட்டினாள். "ராத்திரிக்கு வேற இன்னாத்த ஆக்கறது? உன் பொண்ணு வாங்கித் தருவாளா?"

வனஜா எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. ஷீலாவின் கையிலிருந்த கட்டைப் பிடுங்கி நாலாவில் போட்டாள். கூடையையும் தூக்கி அதிலேயே கவிழ்த்தாள். பச்சை மொத்தமும் கறுப்புத் தண்ணீரில் மெதுவாக நகர்ந்தது. சந்தில் இருந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். எல்லோரும் அவளிடம் கீரை வாங்கியவர்கள்.

"இன்னா வேடிக்க?" என்று அவர்களைப் பார்த்துக் கத்தினாள் வனஜா. மகளைத் தோளில் ஓங்கி அடித்து முன்னால் தள்ளினாள். "எங்கிட்ட சொன்ன இல்ல? இவளுங்களுக்கும் சொல்லு. அந்தக் காயிதத்தப் படி. தமிழ்ல படி."

ரோஹிணி படித்தாள். பின்னாலிருந்து யாரோ, கேட்கவில்லை என்றார்கள். இன்னும் சத்தமாகப் படித்தாள்.