ஆப்பசைத்த குரங்கு

போன அக்டோபரில் ரொவீனா பிக்கெட்டின் கழுத்தில் மாட்டுமணி கட்டினார்கள். மாட்டுக்குக் கட்டுகிற அதே மணிதான். துருப்பிடித்துக் கிடந்தாலும் அதன் நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும்.

கருமருந்துத் துப்பாக்கிச் சங்கத்தில் அது பழைய வழக்கம். குறி தப்பினால் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையை விட்டு வந்துவிட வேண்டும். துப்பாக்கி சரியில்லை என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். வேறு யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து அதே துப்பாக்கியை வாங்கி ஐந்து குண்டு சுடலாம். அதில் மூன்று இலக்கு அட்டையின் கருவட்டத்துக்குள் விழுந்துவிட்டால் குறை சொன்னவர் கழுத்தில் மணி ஏறும். மதியச் சாப்பாடு முடியும்வரை கழற்றக் கூடாது. இரண்டாம் முறையும் மணி ஏறினால் அடுத்த ஆண்டு முழுக்க வரிசையில் நிற்க முடியாது. அடுப்புப் பக்கம் போய் பீன்ஸ் சூப் கிண்டலாம்.

அன்று முன்னால் வந்தவன் பர்ல் ஹேச்சர். சங்கத்தில் யாருடைய துப்பாக்கிக்கு என்ன கோளாறு என்றாலும் அவனிடம்தான் போகும். ரொவீனாவின் ரிவால்வரும் அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க அவன் பட்டறையில்தான் கிடந்தது. "பார்த்துட்டேன், ஒரு கொறையும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தவனும் அவன்தான். அன்று ஐந்தில் நாலைக் கருவட்டத்துக்குள் போட்டுவிட்டுத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ரொவீனா மணியோடு உட்கார்ந்து சூப் குடித்தாள். ஸ்பூனைத் தூக்கும்போதெல்லாம் டங் டங். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். திங்கட்கிழமை காலையில் ஏறின பிள்ளைகளில் பாதிப் பேர் "டிங்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். சின்ன ஊரில் மானம் போவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வருவதற்கு ஆயுள் போதாது.

ஜனவரியில் பனி கொட்டிப் பள்ளியை மூடின வாரம், அவள் ரிவால்வரைச் சமையலறை மேசையில் பிரித்துப் போட்டாள். பழைய காலத்து ரிவால்வரின் நகல் அது, இத்தாலியில் செய்தது. தோட்டா போடுகிற ரகமில்லை. உருளையின் ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை அழுத்தி, பின்னாலிருக்கும் மூக்கில், சுத்தியல் பட்டால் வெடிக்கிற செம்புக் கேப்பு மாட்ட வேண்டும். குழலை உடம்போடு பிடித்து வைப்பது ஒரு நடுத்தண்டும், அதன் குறுக்கே செருகிய சின்ன ஆப்பும்தான். கழுவும்போதெல்லாம் ஆப்பைத் தட்டிக் கழற்றி, மறுபடி மரக் கொட்டாப்புளியால் தட்டி ஏற்ற வேண்டும்.

உள்ளே பார்த்தவளுக்கு வயிறெரிந்தது. வார்ப்பின் பிசிறு அப்படியே இருந்தது. மூக்குகள் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. அதனால்தான் கேப்புகள் வெடித்துச் சிதறிச் சுத்தியலுக்கு அடியில் சிக்கின. இத்தாலியில் இதற்கு அரம் போட்டவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்திருப்பான். பிசிறுகளை ராவினாள். மூக்குகளை மாற்றினாள். உராய்கிற இடங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினாள். அப்படியும் கை ஓயவில்லை. குழலிலிருக்கும் குழிக்குள் கொஞ்சம் மெழுகை வைத்துத் துப்பாக்கியைப் பூட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தாள்.

மெழுகு நசுங்கவே இல்லை. நடுத்தண்டின் முனை குழியின் அடியில் போய் முட்ட வேண்டும். இதில் முட்டவில்லை, தண்டு குட்டை. ஆப்பை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவுக்குக் குழல் பின்னால் வந்து உருளையைக் கவ்வும், குழலின் வாய் மேலே தூக்கும். அவள் ஒவ்வொரு முறையும் நல்ல பெண்ணாகக் கொட்டாப்புளியால் இறுக்கி அடித்துவிட்டு, குண்டு ஏன் மேலே போகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்படியென்றால் பர்ல் மட்டும் எப்படிச் சுட்டான்?

அப்போதுதான் அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. குண்டு போடுவதற்கு முன் பர்ல் முதுகைக் காட்டி நின்றான். மேசைக் காலில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. அன்று வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் கழுவ எடுத்தபோது ஆப்பு விரலோடு வந்துவிட்டது. வழியில் இளகியிருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். அது வழியில் இளகவில்லை. அவன் இளக்கியிருக்கிறான். குட்டைத் தண்டுக்கு ஆப்பு லேசாக நின்றால் போதும், குழல் நேராக நிற்கும். குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் வைத்திருந்தவனுக்கு அது தெரியாமலா இருக்கும். தெரிந்துகொண்டே, குறையில்லை என்று கொடுத்து, ஊர் முன்னால் மணியும் கட்டவைத்திருக்கிறான். பாவி. அதற்கு முந்தைய ஆண்டு நீளத்துப்பாக்கிப் பந்தயத்தில் அவள் அவனை ஜெயித்ததுதான் அவள் செய்த ஒரே குற்றம்.

அவள் எஃகுத் துண்டு ஒன்றை வில்லையாக வெட்டிக் குழிக்குள் வைத்தாள். ராவிப் பார்ப்பாள், பூட்டிப் பார்ப்பாள், மறுபடி ராவுவாள். கடைசியில் தண்டு வில்லையில் வந்து முட்டி, குழலும் உடம்பும் ஒரே சமயத்தில் பொருந்தின. ஆப்பை ஓங்கி அடித்தாள். இனி ஆப்பு இறுகி நின்றால்தான் குழல் நேராக நிற்கும், இளகினால் ஆடும். உருளை வெண்ணெய் மாதிரி சுழன்றது. பனி விட்டதும் கொட்டகைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தாள். குண்டுகள் ஒன்றன் தலையில் ஒன்று உட்கார்ந்தன.

"அப்போ இந்த வருஷம் கோப்பை உனக்குத்தான்" என்றான் அவள் புருஷன் டெல்மர்.

"கோப்பை யாருக்கு வேணும்? எனக்கு பர்லோட கழுத்து வேணும்."

திட்டத்தைச் சொன்னாள். டெல்மர் காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏய், உனக்குக் கிறுக்கா? நீ சரி பண்ணிட்டது அவனுக்குத் தெரியாது, சரி. நீ வேணும்னே தப்பாச் சுட்டுட்டு, துப்பாக்கி சரியில்லன்னு சொல்லுவே. அவன் வருவான். ஆனா அவன் ஆப்பத் தொடாமச் சுட்டான்னா? அஞ்சும் உள்ள விழும். உனக்கு ரெண்டாவது மணி. ஒரு வருஷம் சூப்புக் கிண்டணும்."

"ஆப்பத் தொடலன்னா அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். நான்தான் ஒரு நல்ல மனுஷனச் சந்தேகப்பட்டேன்னு அர்த்தம். மணிய நானே எடுத்து மாட்டிக்கிறேன்."

"குழல் கழண்டு எவன் மூஞ்சிலயாவது அடிச்சா?"

"அதுக்குத்தான் தடுப்புத் திருகு இருக்கே, ஆப்பு மொத்தமா வெளிய வராது. ஆடும், அவ்வளவுதான்."

"அவன் தோத்துட்டு வாயத் திறக்காமப் போயிட்டான்னா?"

ரொவீனா சிரித்தாள். "பர்லா? வாயத் திறக்காமலா?"

அக்டோபர் வந்தது. ஓடைக்கரை மைதானத்தில் புகையும் சூப்பு வாசனையும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. வரிசையைக் கட்டி மேய்ப்பவள் ஓபல் என்ற கிழவி. ஊதல் எப்போதும் அவள் வாயிலேயே இருக்கும். ரொவீனா தன் முறைக்கு நின்றாள். கை தன்னால் கருவட்டத்துக்குப் போனது. அதை இழுத்துப் பிடித்து வேண்டுமென்றே மேலே தூக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷம் அந்தத் துப்பாக்கிக்கு உழைத்துவிட்டு, அதைக் கொண்டே அட்டையின் நெற்றியில் ஓட்டை போடுவது எளிதில்லை. ஐந்தையும் போட்டாள். கோப்பை போனது போனதுதான்.

திரும்பினாள்.

"துப்பாக்கி சரியில்ல" என்றாள், சத்தமாக.

வரிசை முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ "டிங்" என்றார்கள். ஓபல் ஊதலை எடுத்துவிட்டு, "ஏண்டி ரொவீனா, போன வருஷம் பட்டது பத்தலயா? யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றாள்.

"யோசிச்சுத்தான்."

பர்ல் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தான். கறி வாசனை பிடித்த பூனைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

"குடும்மா இங்க. பாவம், சூப்புக் கிண்ட ஆள் இல்லாமத்தான் இருந்துச்சு."

"உப்பு எவ்வளவு போடணும்னு இப்பவே அவளுக்குச் சொல்லிக் குடு பர்ல்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

அவன் கருமருந்தை அளந்து கொட்டினான். குண்டுகளை அழுத்தினான். ரொவீனா அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பு பக்கம் விரல் போகவே இல்லை. தீ அடுத்த அறைக்குத் தாவாமலிருக்கக் குண்டுகளின் மேல் கொழுப்பு பூசினான். கேப்பு மாட்டினான். அப்போதும் போகவில்லை. தவறாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று அவள் டெல்மரைப் பார்த்தாள். டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பர்ல் இலக்கைப் பார்க்கத் திரும்புவது போல் அரைச்சுற்றுச் சுற்றினான். முதுகு அவர்கள் பக்கம் வந்தது.

டொக்.

அந்தச் சத்தம் ரொவீனாவின் காதில் தேனாக விழுந்தது. நீ தெரிந்தேதான் செய்தாய். குரங்கே, போன வருஷமும் தெரிந்தேதான் செய்தாய்.

முதல் குண்டு இடது கீழ் மூலைக்குப் போனது. பர்ல் புருவத்தைச் சுருக்கினான். இரண்டாவது மேலே. மூன்றாவது அட்டையிலேயே படவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் குழல் முன்னே போய்ப் பின்னே வந்து, பல் ஆடுகிற கிழவன் மாதிரி கடகடத்தது. நாலாவதும் ஐந்தாவதும் அப்படித்தான். கருவட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியே வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் பிழைத்தான். குறை சொன்னது உண்மைதான் போல என்று ஊர் கலைந்திருக்கும். ஆனால் அவ்வளவு பேர் பார்க்க ஐந்தும் தப்பிய பிறகு, பர்ல் ஹேச்சருக்கு வாய் எப்படிச் சும்மா இருக்கும்?

"இது என் தப்பில்ல. இந்தத் துப்பாக்கிதான் சரியில்ல" என்றான்.

ஓபலின் ஊதல் வீறிட்டது. "என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"போன வருஷம் இதே துப்பாக்கிதானே பர்ல்? ஒரு கொறையும் இல்லன்னியே?" என்றான் வரிசையிலிருந்த ஒருவன்.

ரொவீனா அதற்குள் வந்துவிட்டாள். துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் எல்லோரும் பார்க்கும்படி படுக்கவைத்தாள். தன் கொட்டாப்புளியை எடுத்து ஆப்பை அடித்தாள். ஆப்பு உள்ளே போனதை எல்லோரும் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் அது இளகி இருந்ததையும் பார்த்தார்கள். அவசரமில்லாமல் மருந்து போட்டாள், குண்டு போட்டாள், கேப்பு மாட்டினாள். சுட்டாள். ஐந்தும் கருவட்டத்துக்குள். ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் ஐந்தையும் மூடிவிடலாம்.

"நான் இறுக்கித்தான் குடுத்தேன்" என்றாள், பர்லைப் பார்த்து. "ஏன் இளக்கினே?"

"இறுக்கினா அது மேலதானே அடிக்கும்? தண்டு குட்டை, அதனால..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. துப்பாக்கியை அவனிடம் சரிபார்க்கக் கொடுத்திருந்தவர்கள் அங்கே பாதிப் பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவனிடம் கொடுத்து, குறையில்லை என்று வாங்கி வந்த துப்பாக்கி எல்லோர் இடுப்பிலும் திடீரென்று கனத்தது.

"தண்டு குட்டைன்னு உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?" என்று ஓபல் கேட்டாள். வாயிலிருந்த ஊதல் இப்போது அவள் கையில் இருந்தது.

மணியை எடுத்து வந்தது ரொவீனாதான். கட்டுவது ஓபலின் வேலை, ஆனால் இன்று நான் கட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் குனிந்து கொடுத்தான். வாரை இழுத்து, போன வருஷம் தனக்குப் போட்ட துளையைவிட ஒரு துளை இறுக்கமாகப் போட்டாள். பர்ல் அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான்:

"சரி பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மதியம் சாப்பாட்டுப் பந்தலில் அவன் கடைசி மேசையின் மூலையில் போய்த் தனியாக உட்கார்ந்தான். அவன் பக்கம் யாரும் போகவில்லை. ரொவீனா மட்டும் கிண்ணத்தையும் சோள ரொட்டியையும் எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். டெல்மர் வேண்டாமென்று கண்ணைக் காட்டினான். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பர்ல் ஸ்பூனைத் தூக்கினான். டங். கீழே வைத்தான். பசி தாங்காமல் மறுபடி தூக்கினான். டங். அவள் ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் தோய்த்து, ஒவ்வொரு வாயாக, ஒவ்வொரு சத்தத்துக்கும் காத்திருந்து சாப்பிட்டாள். கிண்ணம் காலியானதும் எழுந்து போய் இன்னொரு கிண்ணம் வாங்கி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.