ஏழாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு

தேர்ச்சி வரைபடத்தில் எட்டு வகுப்புக்கும் எட்டுத் தூண் வரைய வேண்டும். ஆறாவது தூணுக்குப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வண்ணமடித்து முடித்த தலைமையாசிரியர் தீர்த்தகிரி, ஏழாவதுக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்தார். அங்கே வரைய ஒன்றுமில்லை. ஏழாம் வகுப்பில் படிப்பது வினிதா ஒருத்திதான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். முப்பத்தைந்து எடுத்திருந்தால் வகுப்பின் தேர்ச்சி நூறு விழுக்காடு. எடுக்காததால் பூஜ்யம். நடுவில் எங்கேயும் நிற்க அந்த வகுப்புக்கு வசதி கிடையாது.

புள்ளிவிவரப் படிவம் இதைவிடக் கறார். 'முதலிடம் பெற்றவர்' என்ற கட்டத்தில் வினிதா என்று எழுதினார். 'மெல்லக் கற்போர்' கட்டத்திலும் வினிதா என்று எழுதினார். இரண்டுமே உண்மை. பெண்கள் நூறு விழுக்காடு, வெளிமாவட்டத்தார் நூறு விழுக்காடு. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்புக்கே விடுமுறை.

சூளகிரியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் உள்ளூர் விவசாய வீடுகள். மீதிப் பேர், கம்பெனி வேலைக்காக உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். மைதானத்தில் சண்டை தெலுங்கில் தொடங்கும், கன்னடத்தில் சூடு பிடிக்கும், புகார் மட்டும் தமிழில் வரும். கையில் நாலு காசு புரண்டவர்கள் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பின் கௌதம் அப்படித்தான் ஜூலையில் போனான். போகும்போது ஜன்னலில் கையாட்டினான். மொத்த வகுப்பும் பதிலுக்குக் கையாட்டியது, அதாவது வினிதா.

இப்போது கடிதம் வந்திருந்தது. ஒரே மாணவர் உள்ள வகுப்பைச் சூளகிரிப் பள்ளியோடு இணைப்பது பற்றி முடிவெடுக்க, வியாழக்கிழமை உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் நேரில் வருகிறார். சூளகிரிக்குப் போக, நாலு வழியாக அகலப்படுத்தியிருந்த ஹைவேயைத் தாண்ட வேண்டும். வினிதாவின் அப்பா வெள்ளைச்சாமி, வார்ப்படக் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துச் சிவந்த கண்ணோடு வந்து, நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"அந்த ரோட்டத் தாண்டியெல்லாம் புள்ளைய அனுப்ப முடியாது சார். நின்டா நின்டுட்டுப் போறா. வீட்ல தம்பியப் பாத்துக்கிறட்டும்."

வினிதா இதை ஒரு கணக்கைப் போல எடுத்துக்கொண்டாள். கணக்கில் அவள் வாங்கியது முப்பத்தொன்று என்பதால் தீர்த்தகிரிக்குக் கொஞ்சம் பயம்தான்.

"சார், இன்னொரு ஆளப் பிடிச்சுட்டு வந்தா மூட மாட்டாகள்ல?"

"யாரு இருக்காங்க?"

"சுஜாதா சார். ஆறாவதுல எங்கூடத்தேன் இருந்தா. அவ வாரேங்குறா. அவுங்கப்பாதேன் தக்காளி பறிக்கணும்ங்குறாரு."

சுஜாதாவின் அப்பா நாராயணப்பன் தோட்டத்தில் குச்சி நட்டுக் கட்டிய தக்காளி இடுப்புயரம் நின்றது. மகள் படிப்பதில் அவருக்கு வருத்தமொன்றும் இல்லை. "ஒரு நாளு உட்டு ஒரு நாளு பறிப்பு சார். பறிப்பு இல்லாத நாளு தாராளமா அனுப்பறேன். பறிக்கிற அன்னிக்கு முடியாது. ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி ஒம்பது மணிக்கெல்லாம் வந்து நின்னுக்கும்."

பாதிப் படிப்பாவது கிடைத்ததே என்று தீர்த்தகிரி அன்றைக்கே சுஜாதாவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார். வீட்டுக்கு வந்து காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். வியாழன் பறிப்பு நாள். திரும்ப ஓடினார்.

"ஒரு நாளு தள்ளிப் போடக் கூடாதுங்களா?"

"ஆபீசர் வர்றாருன்னு செடிக்குத் தெரியாதுங்களே சார்" என்றார் நாராயணப்பன்.

வினிதாதான் வழி சொன்னாள். "எல்லாரும் போயிப் பறிச்சா எட்டரைக்கு முடிஞ்சுரும்." எல்லாரும் என்றால் அவளும் தானும் என்றுதான் தீர்த்தகிரி நினைத்தார். வியாழன் காலை ஆறு மணிக்குப் போனால், வரப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் நின்றார்கள். மூன்றாம் வகுப்பு மணிகண்டன் தம்பியையும் இடுப்பில் தூக்கி வந்திருந்தான். பள்ளிப் பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு விட்டால் தன்னை எந்த விதியின் கீழ் சஸ்பெண்ட் செய்வார்கள் என்பது தீர்த்தகிரிக்கு விதி எண்ணோடு தெரியும். அவர்களைத் திருப்பி அனுப்ப வாயெடுத்தார். அதற்குள் அவர்கள் செடிச் சால்களுக்குள் மறைந்துவிட்டார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சிவகங்கைப் பசங்க பச்சக்காயெல்லாம் பறிச்சிப் போட்டுக்குதுங்க சார்" என்றார் நாராயணப்பன்.

"பழக்கம் இல்லைங்க. காலாண்டுலயும் இப்படித்தான் எழுதினாங்க."

எட்டே காலுக்கு முடிந்தது. அலுவலர் ஒன்பதுக்கே வந்துவிட்டார். தக்காளிச் செடியின் கறை சோப்புக்குப் போவதில்லை என்பதைத் தீர்த்தகிரி மறந்தே போயிருந்தார். பிரேயரில் வரிசையாக நின்ற பிள்ளைகளின் விரல்களெல்லாம் கரும்பச்சையாக இருந்தன. அலுவலர் நடந்துகொண்டே பார்த்தார். தீர்த்தகிரி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருவர் இருந்தார்கள். அலுவலர் பதிவேட்டைப் பார்த்தார். இரண்டாவது பெயரின் மை நேற்றையது போலத்தான் இருந்தது.

"எப்ப சேந்தம்மா?"

"திங்கக்கெழம சார்" என்றாள் சுஜாதா.

"தினமும் வருவியா?"

சுஜாதா வினிதாவைப் பார்த்தாள். வினிதா தீர்த்தகிரியைப் பார்த்தாள். தீர்த்தகிரி சுவரைப் பார்த்தார்.

"பறிப்பு இல்லாத நாளு வருவேன் சார்" என்றாள் சுஜாதா. அவளுக்குப் பொய் சொல்ல யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

அலுவலர் திரும்பினார். "உங்க கையக் காட்டுங்க சார்."

முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைத் தீர்த்தகிரி முன்னால் நீட்டினார். பத்து விரல்களும் அதே கரும்பச்சைதான். அலுவலர் நாற்காலியை இழுத்துப் பெஞ்சுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகத்தைச் சுஜாதாவின் முன்னால் திறந்து வைத்தார்.

"படிம்மா."

நாலு மாதம் புத்தகத்தைத் தொடாமலிருந்த சுஜாதா ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். விரல் நகர நகரத் தாளில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. வரி திக்கி நின்றபோது வினிதாவின் விரல் ஓசையில்லாமல் வந்து அடுத்த சொல்லின் கீழே நின்றது. அலுவலர் அதைப் பார்த்தார். இணைப்பு பற்றிய முடிவை எழுத மூடி கழற்றிய பேனா இன்னும் எழுதாமல் அவர் கையிலேயே இருந்தது. இரண்டு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்தின் பாதியைத் தாண்டிக்கொண்டிருந்தன.