தேயாத செட்

எழுந்ததும் கை கழுவுவேன். சோப்புத்தூளோடு மரத்தூளைக் கலந்து தேய்த்தால்தான் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகும். பிறகு பல் துலக்கி, டீ போட்டு, நின்றபடியே குடித்துவிட்டுக் கீழே இறங்கிக் கடை ஷட்டரைத் தூக்குவேன். முந்தின நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட ஃப்ரீவீல்களை, பின்சக்கரத்துப் பல்வட்டுகளை, எடுத்துத் துடைப்பேன். அன்றும் அப்படித்தான்.

புது உதிரி பாகங்கள் வந்து மாதக்கணக்காகிறது. கேட்டால் கப்பல் வரவில்லை என்கிறார்கள். இருப்பதை வைத்து ஓட்டுகிறோம். முன் பல்சக்கரம் தேய்ந்தால் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுகிறோம். பல்லின் தேயாத பக்கம் இழுக்கும். கொக்கி போல வளைந்த பல்லை அரத்தால் அராவுகிறோம். தேய்ந்த பல்லில் தேய்ந்த செயின்தான் உட்காரும். புதுச் செயின் வழுக்கும். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கடை எனக்கும் மச்சானுக்கும் பாதிப் பாதி. அவர் என் மனைவியின் அண்ணன். அவள் இறந்த பிறகு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொள்கிறோம். அதையும் வெடுக்கென்றுதான்.

அவள் சைக்கிள் கடைச் சுவரில் தொங்குகிறது. வாங்கிய கையோடு காய்ச்சலில் படுத்துவிட்டாள். செயின், பல்சக்கரம், ஃப்ரீவீல் மூன்றிலும் தேய்மானம் இல்லை. எங்களிடம் மிச்சமிருந்த நல்ல செட் அது ஒன்றுதான்.

மச்சான் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"மாப்ளே, ரொட்டிக்காரர் வண்டிக்குச் செயின் வேணும். அதைக் கழட்டு."

"முடியாது."

"எதுக்கு, மாட்டி வச்சுக் கும்பிடவா?"

"ஆமா. உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? என் தங்கச்சி கடைசியாச் சொன்னதே அதான். சைக்கிளை அண்ணன் எடுத்துக்கட்டும்னு."

கடைசியில் ஆஸ்பத்திரி அறையில் அவளோடு இருந்தவன் நான் மட்டும்தான். ஆனால் இவர் இதைச் சொல்லாத இடமில்லை. இப்போது மாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதையே சொல்கிறார்.

கேனை எடுத்துக்கொண்டு மண்ணெண்ணெய் வாங்கப் போனேன். திரும்பியபோது அவள் சைக்கிளில் செயின் இல்லை. ரொட்டிக்காரர் கிளம்பிப் போயிருந்தார்.

"ஃப்ரீவீலை மாத்தாம புதுச் செயினா போட்டீங்க? இன்னிக்குத்தான் கடைக்கு வர்றீங்களா?"

"எல்லாம் நிக்கும். வாயை மூடு."

நிற்கவில்லை. ரொட்டிக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்காலில் ரத்தம்.

"மேட்டுல ஏறி மிதிச்சேன். செயின் வழுக்கிக் காலு காத்துல போச்சு. அத்தனை ரொட்டியும் சாக்கடையில. நீங்க வச்சிருக்கறது சைக்கிள் கடையா, கசாப்புக் கடையா?"

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"ஃப்ரீவீலையும் நீ குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

நான் அவள் சைக்கிளை இறக்கினேன். பின்சக்கரத்தைக் கழற்றினேன். ஃப்ரீவீல் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் தட்டித்தான் அசைக்க முடிந்தது. அதையும் பல்சக்கரத்தையும் ரொட்டிக்காரர் வண்டியில் மாட்டினேன். பெடலை அழுத்திச் சுற்றினேன். வழுக்கவில்லை. அவர் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே போனார்.

"காலையிலயே இதைச் செஞ்சிருக்கலாம், அவ சொன்ன மாதிரி" என்றார் மச்சான்.

"சைக்கிள் போகட்டும். மிச்சத்தையும் கழட்டிக்கோங்க. ஆனா அவ சொன்னான்னு இனி எங்கேயும் சொல்லாதீங்க. நீங்க அங்க இல்லை."

"இருந்தவன் நீதானே. அப்போ என்னதான் சொன்னா? சொல்லு, கேப்போம்."

அவள் இறந்த அன்று கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், சூடு பார்க்க அவள் நெற்றியில் கை வைத்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள். அவள் சொன்னதை மச்சானிடம் அப்படியே சொன்னேன்.

"கையைக் கழுவிட்டு வாங்க. ஒரே கிரீஸ் நாத்தம்."