அக்கா பையில் இரண்டு போல்ட்

ஹில்டூர் தன் ஜாக்கெட் பையில் இரண்டு போல்ட்டுகளைப் போட்டுக்கொண்டுதான் அந்தச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள். ஒன்று அவளுடைய துப்பாக்கியின் போல்ட். இன்னொன்று தம்பி ஏலோஃபுடையது. வம்பே அதில்தான்.

வடக்கு ஸ்வீடனில் செப்டம்பர் பிறந்துவிட்டால் பாதிச் சனம் மூஸ் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடும். போகிற வழியில் காரை நிறுத்தி இறங்கினால் செய்யவேண்டியதைச் சின்ன வயதிலிருந்தே எல்லோரும் பழகியிருப்பார்கள். துப்பாக்கியைப் பின்பக்கம் போர்வைக்கு அடியில் மறைத்து, இரும்புக் கயிறு போட்டுப் பூட்டி, போல்ட்டை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குண்டை உள்ளே தள்ளி அடைக்கிற அந்த இரும்புத் தண்டு இல்லையென்றால் துப்பாக்கி வெறும் கட்டைதான், திருடன் கொண்டுபோனாலும் அடுப்புக்குக்கூட ஆகாது. அவரவர் போல்ட் அவரவர் பையில். அடுத்தவன் போல்ட்டைக் கேட்பது அடுத்தவன் பல்செட்டைக் கேட்கிற மாதிரி.

ஹில்டூர் கேட்டுவிட்டாள். காரை நிறுத்தியதும், "ஏலோஃப், அதையும் இங்க குடுடா. என் பையில ஜிப் இருக்கு" என்றாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். எடுத்து நீட்டினான்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் ஏலோஃபின் மனைவி அன்னேலி இறந்துபோனாள். அதற்கப்புறம் அவன் திரைச்சீலையை விலக்கவில்லை, தபாலைப் பிரிக்கவில்லை, போனில் கேட்டதற்கெல்லாம் "ம்" என்பதோடு சரி. ஜனவரியில் ஒருநாள் வருகிறேன் என்று போன் பண்ணிவிட்டு ஹில்டூர் பனியில் வண்டியை விட்டுக்கொண்டு போனாள். அவன் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மேஜைமேல் கிடந்த சாவியால் இரும்பு பீரோவைத் திறந்தாள், அவன் துப்பாக்கியை எடுத்தாள், தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். திருட்டுத்தான், வேறென்ன பெயர் சொல்வது? அவன் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. வசந்தத்தில் டாக்டரிடம் போனான், மாத்திரை சாப்பிட்டான், கோடையில் படகுக்குத் தார் பூசினான். ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் இருவருக்கும் நடுவில் எடுக்கப்படாமலே கிடந்தது.

இந்த வருஷம் வேட்டைக்கு வா வா என்று அவனைப் பிடுங்கி எடுத்தவளும் இவள்தான். அவன் சரி என்றதும் மூன்று ராத்திரி தூக்கம் கெட்டதும் இவளுக்குத்தான். இன்று காலை அவன் துப்பாக்கியைத் தன் பீரோவிலிருந்து எடுத்துக் காரில் வைத்தவளும் இவள்தான்.

கடைக்குள் விறகடுப்பு எரிந்து வெக்கையாக இருந்தது. எல்லோரையும்போல ஜாக்கெட்டை வாசலோரக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கலைமான் கறியும் மசித்த உருளைக்கிழங்கும் வாங்கி உட்கார்ந்தார்கள். தம்பி எத்தனை வாய் சாப்பிடுகிறான் என்றே ஹில்டூரின் கண் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து ஊர் வேட்டைக் குழுவைச் சேர்ந்த ஸ்டூரே தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். நல்ல மனுஷன், வாய்தான் நீளம். உட்கார்ந்த வேகத்தில், "அய்யோ!" என்று துள்ளி எழுந்து பின்பாக்கெட்டிலிருந்து தன் போல்ட்டை எடுத்து மார்புப் பைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஒருநாள் இது என்னை நொண்டியாக்கிடும் பாரு. நீ உன்னோடத எங்கப்பா வச்சிருக்க, ஏலோஃப்?"

"அக்கா கிட்ட இருக்கு."

"அக்கா கிட்டயா?" ஸ்டூரேவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அட பாவமே! மூக்கு யாரு சிந்தி விடுறா, அதுவும் அக்காதானா?"

ஹில்டூருக்கு அவன் தலையில் உருளைக்கிழங்கைக் கொட்டலாமா என்றிருந்தது. ஏலோஃபும் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

"கார்ல நாய் இருக்கு, பாத்துட்டு வரேன்" என்று எழுந்தான். கார் சாவி அவனிடம்தான் இருந்தது, காலையிலிருந்து ஓட்டியவன் அவன்.

கூடவே ஓடினால் இன்னும் கேவலமாகிவிடும் என்று ஹில்டூர் பல்லைக் கடித்துக்கொண்டு காபி வாங்கப் போனாள். வரிசையில் கடைக்காரி மார்கித் முழங்கால் ஆபரேஷன் கதையை ஆரம்பித்துவிட்டாள். ஒருவழியாகக் கழன்று ஜன்னல் பக்கம் திரும்பினால், கார் நின்ற இடம் காலி.

கோப்பையை எங்கே வைத்தாளோ தெரியாது. கொக்கிக்கு ஓடி ஜாக்கெட் பையைத் தொட்டாள். ஜிப் திறந்திருந்தது. கையை விட்டுத் துழாவினாள். துணிதான் தட்டுப்பட்டது. ஒரு போல்ட்கூட இல்லை.

கார் அவனிடம், துப்பாக்கி காரில், போல்ட் அவன் கையில், அவன் முகத்திலோ அந்தச் சிரிப்பு. நான்தானே கூட்டிவந்தேன், நான்தானே எல்லார் முன்னாடியும் அவனைச் சின்னப்பிள்ளை ஆக்கினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஜாக்கெட் இல்லாமலே வெளியே பாய்ந்தாள். சாலையில் வடக்கே பார்த்தாள், மரம் ஏற்றின லாரி ஒன்று போனது. தெற்கே ஒன்றுமில்லை. "ஏலோஃப்!" என்று கத்தினாள்.

பதிலுக்கு நாய் குரைத்தது.

கடைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சறுக்கி விழாத குறையாகச் சரளைக்கல்லில் ஓடினாள். அங்கே தேவதாரு நிழலில் பழைய வோல்வோ நின்றது. ஒரு பக்கக் கதவு திறந்திருக்க, நாய் சீரா கிண்ணத்தில் சப்சப்பென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஏலோஃப் பக்கத்தில் குந்தி அதன் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"வெயில் நேரா உள்ள அடிச்சுது. நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தா, அதான் இங்க தள்ளி விட்டேன்" என்றவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்தான்.

"போல்ட்டு எங்கடா?"

சட்டையின் இரண்டு பையையும் தட்டிக்காட்டினான். அப்புறம் அவனுக்கே கோபம் வந்துவிட்டது.

"ஏன்க்கா, உனக்குப் புத்தி இருக்கா? ஜிப் இருக்கு ஜிப் இருக்குன்னு ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு, போறவன் வரவன் உரசுற கொக்கியில மாட்டிட்டுக் கறி சாப்பிடுறியே! இதுக்குத் துப்பாக்கியோட சேத்துக் கார்லயே விட்டிருக்கலாம். வேட்டைப் பரீட்சையில நீ எப்படித்தான் பாஸ் பண்ணியோ!"

ஹில்டூர் அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை வருஷ வேட்டைக்காரி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் தன் ஜாக்கெட்டை மறந்தே போயிருந்தாள்.

ஏலோஃப் காரின் பின்கதவைத் தூக்கினான். போர்வையை விலக்கினான். இரண்டு துப்பாக்கிகளும் கிடந்தபடி கிடந்தன, இரும்புக் கயிற்றின் பூட்டு பூட்டினபடி தொங்கியது. "பாத்துக்கோ" என்று மறுபடி மூடி, கதவைப் பூட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ என்ன நினைச்சு ஓடிவந்தன்னு தெரியுது."

"நான் ஒண்ணும் நினைக்கல."

"பொய் சொல்லாத. உனக்கு வராது." சிறிது நேரம் நாயைத் தடவினான். "ஜனவரில வந்து எடுத்துட்டுப் போனியே..."

எட்டு மாதமாக எடுக்காத பேச்சு. ஹில்டூர் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ தூங்கிட்டு இருந்த. எழுப்பிக் கேட்டா தரமாட்டியோன்னு... திருடிட்டேன்டா. தப்புதான்."

"நான் தூங்கல." அவன் குரல் சாதாரணமாகவே இருந்தது. "பீரோ சாவி எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"மேஜை மேல. காபி டப்பா பக்கத்துல."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்தச் சாவி எங்க இருக்குன்னு அன்னேலிக்கே தெரியாது. போலீஸ் வந்து கேட்டிருந்தாலும் அவளால சொல்ல முடிஞ்சிருக்காது. உன் சாவி எங்க இருக்குன்னு உன் வீட்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. தெரியக்கூடாதே, சட்டம் அது."

"அப்போ அன்னைக்கு மட்டும் ஏன்க்கா அது மேஜை மேல இருந்துச்சு?"

வேட்டைக்காரன் எவனும் பீரோ சாவியை மேஜைமேல் போடமாட்டான். கட்டிய மனைவிக்கே காட்டாத சாவி. அன்றைக்கு அவளோ, எவ்வளவு பொறுப்பில்லாமல் போய்விட்டான் பார் என்று வீடு திரும்புகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனாள்!

"நீ வரேன்னு போன் பண்ணின" என்றான் ஏலோஃப். "வந்து எடுத்துட்டுப் போயிடுன்னு சொல்லணும்னு பாத்தேன். வாய் வரல. அதான் சாவியை அங்க வச்சிட்டு வந்து படுத்துக்கிட்டேன். நீ பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ஹில்டூர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மூக்கு ஒழுகியது, துடைக்கத் தோன்றவில்லை. அப்பாடா, அப்பாடா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சீரா வந்து இருவர் முகத்தையும் ஈரமாக்கிவிட்டுப் போனது.

"மறுபடி அப்படி வந்தா?" என்று கேட்டாள் கடைசியில்.

"வரலாம், டாக்டரே சொல்லியிருக்காரு. வந்தா சாவி கீவியெல்லாம் வைக்கமாட்டேன். போன்ல வாய்விட்டுச் சொல்றேன்."

"ராத்திரின்னாலும்?"

"ராத்திரின்னாலும்." ஒரு போல்ட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். "இது உன்னோடது. என்னோடத நானே வச்சுக்கட்டுமா?"

அவள் அவனை நன்றாக, நேராகப் பார்த்தாள். "வச்சுக்கோ" என்றாள்.

உள்ளே போனதும் ஏலோஃப் ஆறிப்போன கறியைக் கடைசித் துணுக்குவரை வழித்துத் தின்றான். அவளுக்கு அது போதும்போல இருந்தது.

மறுபடி கிளம்பியபோது அவனே ஓட்டினான். பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்து, வழிநெடுகப் பேச்சுக் கொடுத்து, அவனை ஒரு கண் பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்றுதான் ஹில்டூர் காலையில் திட்டம் போட்டிருந்தாள். அடுத்த ஊர் வருவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள்.