விளிம்பு வரை தண்ணீர்

மந்தைவெளியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் ஆஃப்ரீன். எதற்கும் விடையை முதலில் சொல்லமாட்டாள். என்ன நடக்கும் என்று பிள்ளைகள் முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும், பிறகு செய்து பார்க்க வேண்டும், ஏன் அப்படி ஆனது என்று தங்களுக்குள் வாதாட வேண்டும்.

தேர்வுத்தாளும் விடைக்குறிப்பும் ஒரு கோச்சிங் நிறுவனத்திலிருந்து வரும். கிளாஸில் விளிம்பு வரை தண்ணீர், அதில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் என்ன ஆகும் என்று காலாண்டில் ஒரு கேள்வி. தண்ணீர் வழியும் என்றது குறிப்பு. ஆஃப்ரீனின் பிள்ளைகள் அதை ஆய்வகத்தில் கை கழுவும் ஈரத் தொட்டிக்குள் கிளாஸை வைத்துச் செய்து பார்த்தவர்கள். பலர் வழியாது என்று எழுதினார்கள். அவள் அவர்களுக்குத்தான் மதிப்பெண் போட்டாள்.

தாளாளர் சுப்பராமன் கூப்பிட்டு அனுப்பினார். மற்ற பிரிவுகளில் எல்லாம் குறிப்புப்படி திருத்தியாயிற்று, பெற்றோர் வந்து கேட்கிறார்கள், மாற்றிவிடு என்றார்.

“குறிப்பே தப்பா இருக்கு சார்.”

“தப்போ ரைட்டோ, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணுமோல்லியோ?”

“நான் மாத்தமாட்டேன் சார்.”

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகளும் வந்து சுவரோரம் நின்றார்கள். மதிப்பெண் போன பையன் ஒருவனின் அப்பா சாய்நாத் எழுந்து, வழியுமா வழியாதா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார்.

“நான் சொன்னேன்னு நம்ப வேணாம். இருந்து பாத்துட்டுப் போங்க” என்றாள் ஆஃப்ரீன். மேசைமேல் கிளாஸை வைத்து, ஐஸைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள்.

ஐஸ் கரைந்துகொண்டே வந்தது. சாய்நாத் மேசையைத் தொட்டுப் பார்த்து விரலைத் தூக்கிக் காட்டினார். விரல் ஈரமாக இருந்தது.

“இது இன்னா டீச்சர்? வழிஞ்சிகீதே.”

அறையில் சலசலப்பு எழுந்தது. சுப்பராமன் அவளைப் பார்த்தார். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று ஆஃப்ரீனுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். அது தொண்டை வரை வந்தது. இத்தனை பேர் முன்னால் தலை தப்ப வேண்டுமானால் சொல்லிவிடலாம். அதை விழுங்கிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“சார் கேக்கறது நல்ல கேள்வி. நீங்க பதில் சொல்லுங்க.”

சுப்பராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஸஹானா முன்னால் வந்தாள். வகுப்பில் செய்து பார்ப்பதற்கு முன், தண்ணீர் வழிந்தே தீரும் என்று எல்லோரோடும் சண்டை போட்டவள் அவள்.

“இந்தத் தண்ணி கிளாஸுக்குள்ளேர்ந்துதான் வந்துச்சுனு எப்படி சார் தெரியும்? இங்க் கலந்து வெச்சுப் பாக்கலாம்.”

வேறொரு கிளாஸில் ஐஸைப் போட்டு, நீல மை கலந்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி வைத்தார்கள். அடியில் வெள்ளைத்தாள். பொறுமையில்லாத சிலர் எழுந்து போனார்கள். சாய்நாத் மட்டும் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐஸ் முழுக்கக் கரைந்தது. தாள் நனைந்திருந்தது. ஆனால் அதில் ஒரு சொட்டு நீலம்கூட இல்லை. சாய்நாத் கிளாஸின் வெளிப்புறத்தை விரலால் வழித்துப் பார்த்தார்.

“மேலேர்ந்து வழியல. வெளியிலதான் ஒட்டிக்கினு கீது” என்று மெல்லச் சொன்னார். “அப்போ இது எங்கேர்ந்து வருது?”

பிள்ளைகள் நாலைந்து பேர் காற்று, குளிர் என்று ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவர் மகனும் அதில் ஒருவன்.

அந்தப் பிரிவின் மதிப்பெண்ணைப் பற்றி அதற்குமேல் யாரும் புகார் செய்யவில்லை. ஆனால் தாளாளர் சொல்லியும் கேட்கவில்லை என்று ஒன்பதாம் வகுப்பை அவளிடமிருந்து பிடுங்கி ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அவளுக்கு அது வலித்தது. அழவில்லை.

கொஞ்ச நாளில் சுப்பராமன் மறுபடி கூப்பிட்டார். ஒன்பதாவது பிள்ளைகள் நோட்ஸ் எழுத மறுக்கிறார்களாம், எதற்கெடுத்தாலும் செய்து காட்டச் சொல்கிறார்களாம். நீதான் போய் அடக்க வேண்டும் என்றார்.

“கேள்வி கேக்கத்தான் சொல்லிக் குடுத்தேன். நிறுத்தறதுக்குச் சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாது சார்” என்றாள் ஆஃப்ரீன். மணி அடித்தது. காந்தங்கள் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனாள்.