பம்பு வரி குறைந்த நாளில் போன பதில்

அறையில் நான்கு பேர் இருந்தோம். பம்புப் பட்டறையின் முதலாளியான என் அக்கா மேசைக்குப் பின்னால். அவள் கணவர், என் மச்சான், ஜன்னலோர நாற்காலியில் மாலைச் செய்தித்தாளோடு. லேத் மேஸ்திரி கதவருகே கவிழ்த்த மரப்பெட்டியின் மேல். அளவு மயிரிழை பிசகினாலும் கடைந்த பாகத்தைத் தூக்கி எறிவதால் அவருக்கு அளவுக் கருவியின் பெயர், மைக்ரோமீட்டர். கடிதம் எழுதும் நான் அலமாரிப் பக்கத்து முக்காலியில்.

வெளிநாட்டுப் பம்புக் கம்பெனி ஒன்று எங்களோடு கூட்டுச் சேர்ந்து தொழிற்சாலை போட இடம் தேடிக்கொண்டிருந்தது. "ஏன் உங்களிடம் வர வேண்டும்?" என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்திட்ட பதில் அன்று ஐந்து மணிக் கூரியரில் போயாக வேண்டும். நான் முந்தின நாளே எழுதி, அக்காவின் கையெழுத்தும் வாங்கி ஒட்டி வைத்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு மச்சான் கத்தினார். "போச்சு! வெளிநாட்டுலேருந்து வர்ற பம்புக்கு வரிய நாப்பது சதவீதத்துலேருந்து பத்தா கொறைச்சுடுச்சு கவர்மென்ட்டு!"

நான் ஒட்டி வைத்த உறையைக் கையில் எடுத்தேன். அந்த நாற்பதைத்தான் முதல் காரணமாக அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்: வரி கட்டிக் கொண்டுவருவதைவிட இங்கேயே செய்வது லாபம் என்று.

"இனி அவன் எதுக்கு இங்க கட்டடம் கட்டணும்? கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டு நிம்மதியா இருப்பான். நம்ம பட்டறைக்கும் பூட்டுதான்," என்றார் மச்சான்.

"தலைப்பப் பாத்ததுமே தலையில கை வைக்காதீங்க," என்றாள் அக்கா. "முழுசாப் படிங்க."

படித்தார். செம்புக் கம்பி, எஃகுத் தகடு, எந்திரங்கள் உள்ளே வர வரியே இல்லை. இங்கே செய்த சாமான் பக்கத்து மூன்று நாடுகளுக்கும் வரியில்லாமல் போகலாம்.

மைக்ரோமீட்டர் துள்ளி எழுந்தார். "தம்பி! கம்பி மலிவா உள்ள வருது, பம்பு வெளிய போகுது! ஒரு நாட்டுக்கு விக்க வர இருந்தவன் நாலு நாட்டுக்கு விக்க வரமாட்டானா?"

அக்கா உறையைக் கிழித்தே போட்டாள். "எழுதுடா!"

கை பறந்தது. முதல் காரணம், மூன்று நாடுகள். இரண்டாவது, செம்பு. மூன்றாவது, பழகிய பதினெட்டுத் தொழிலாளிகள். எங்கள் வழக்கப்படி, உரக்கப் படித்து எல்லோரும் 'சரி' சொன்னால்தான் உறையில் பசை தொடும். மாதம் எத்தனை பம்பு செய்வோம் என்ற இடத்தில் வாசிப்பு நின்றுபோனது.

"ஆயிரம்னு போடு மாப்ள!" என்றார் மச்சான்.

"அறுநூறுக்கு மேல என்கிட்ட சரி கெடையாது," என்றார் மைக்ரோமீட்டர். "வந்து எண்ணிப் பாத்தான்னா?"

"சின்னப் பட்டறைன்னு ஒதுக்கிட்டா?"

மணி நாலே முக்கால். இருவரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"அறுநூறுன்னே போடு. புது எந்திரம் ரெண்டு வந்தா எவ்வளவு?"

மைக்ரோமீட்டர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "ஆயிரத்தி இருநூறு. அடிச்சுச் சொல்றேன்!"

"அதையும் எழுது. எந்திரத்துக்குத்தான் வரி இல்லையே, அவனே கொண்டு வரட்டும்."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று 'சரி'யும் ஒரே மூச்சில் விழுந்தன. அக்கா கையெழுத்திட்டாள், நான் பசை தடவி ஓரங்களை அழுத்தினேன். வாசலில் கூரியர் வண்டி உறுமியது. மச்சான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, நகரத் தொடங்கிய வண்டியின் ஜன்னல் வழியே உறையைக் கொடுத்தார்.