டியூபுக்குள் ஒரு யூனியன்

பங்கஜாட்சி சேச்சியின் சிறுநீர்ப்பையிலிருந்து உருவிய டியூபைக் குப்பைக் கவரில் போடப்போனேன். “இங்க கொடு மோளே, என் வயித்துல கிடந்த சாமான்தானே, பார்க்கிறேன்” என்று கையை நீட்டினார். பஞ்சாயத்து ஜீப்பில் வீடுவீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் நான். எத்தனையோ பேருக்கு டியூப் மாற்றியிருக்கிறேன், வெளியே வந்ததைக் காட்டச் சொன்னவர் இவர் ஒருவர்தான். கத்தரியால் நீளவாக்கில் பிளந்து காட்டினேன். உள்பக்கம் முழுக்க வெள்ளையாக ஒரு வழுவழுப்பு, அதன் நடுவே மணல்போல நறநறப்பு. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. மருமகள் ஷீபா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள்.

“இதென்ன, சளியா?”

“கிருமி சேச்சி. தனித்தனியா திரிஞ்சா மருந்து அடிச்சுப் போட்டுடும். இதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பசையை விட்டு மேல கூரையும் போட்டுக்கிச்சு. மருந்து உள்ள சரியா நுழைய முடியல. அதான் உங்களுக்குக் காய்ச்சல் போயிட்டுப் போயிட்டு வருது.”

அவர் அந்த ரப்பர் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தார். “அப்போ இதுங்களும் யூனியன் வச்சிருக்குன்னு சொல்லு! மாத்திரையைக் காட்டி மிரட்டினா யூனியன் கலையுமா? கம்பெனியையே இழுத்து மூடணும்.” சொன்ன கையோடு, நான் பிரிக்கவிருந்த புது டியூபைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் சாய்ந்துகொண்டார். “எனக்கு இது இனிமே வேண்டாம்.”

மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரியில் போட்ட டியூப் அது. எலும்பு கூடி, வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகும் டியூப் மட்டும் போகவில்லை. ஷீபாவின் கணவன் ஷார்ஜாவில். அவள் கொல்லத்தில் ஒரு துணிக்கடையில் பகல் முழுக்க நிற்கிறாள். டியூபில் சிறுநீர் சேரும் பையை மாட்டிவிட்டுப் போனால் மாமியார் பாட்டுக்குக் கிடப்பார். கடைசியாக வந்த காய்ச்சலில் சேச்சி ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றினார். அடுத்தது சிறுநீரகத்தில் ஏறினால் ஆள் மிஞ்சமாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். போடாமல் விட்டுப் பாருங்கள், மதியத்துக்குள் சிறுநீர் தானாகப் போகவில்லை என்றால் மறுபடி போட்டுவிடுங்கள் என்றார்.

“டாக்டரா வந்து மெத்தையை வெயில்ல போடப் போறார்?” என்று ஷீபா வெடித்தாள். “இத்தனை மாசம் வயித்துக்குள்ள சும்மா கிடந்த பை. திடீர்னு வேலை செய்யுமா?”

“நனைஞ்சா நானே அலசிப் போடுறேன்” என்றார் சேச்சி.

“ஆமா, ஆசை தோசை! நிக்கவே வாக்கர் வேணும், அலசப் போறாங்களாம்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. இரவும் பகலும் இடுப்பொடியும் பிழைப்பு அவளுக்கு. இருந்தாலும் யார் பக்கம் என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் சேச்சி பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். கரிங்காலிப் பட்டை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைப் பக்கத்தில் வைத்து, நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டு மற்ற வீடுகளுக்குக் கிளம்பினேன். ஷீபா கடைக்குப் போன் செய்து லீவு சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல வார்த்தையாக அதில் ஒன்றும் காதில் விழவில்லை.

மதியம் திரும்பி வந்தபோது ஒரு சொட்டுகூடப் போயிருக்கவில்லை. அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், கல்லாக இருந்தது. சேச்சியின் நெற்றி வியர்த்திருந்தது. நான் கொடுத்துவிட்டுப் போன பெட்பான் கட்டிலுக்கு அடியில் குப்புறக் கிடந்தது.

“அதுல போனா என்ன?”

“படுத்துக்கிட்டே போறதுக்கு நான் என்ன பிணமா?” பல்லைக் கடித்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் வேலை பார்த்த முந்திரிக் கம்பெனியில கக்கூஸைப் பூட்டி, சாவியை மேஸ்திரி இடுப்புல சொருகிக்குவான். ஒரு நாள் அத்தனை பொம்பளைங்களும் எழுந்து போய், முதலாளி ரூமு முன்னாடி வரிசையா குத்தவச்சோம். கதவைத் திறக்கிறியா, இல்ல இங்கேயே ஆரம்பிக்கட்டுமான்னு கேட்டேன். அந்த ஆளு ஓடின ஓட்டம் இருக்கே!”

நான் சிரித்துவிட்டேன். ஷீபா சிரிக்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து டியூபை எடுத்து என்னிடம் நீட்டினாள். “பார்த்தது போதும் சிஸ்டர். வலியில துடிக்கிறாங்க. போட்டுவிடுங்க.”

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கையுறையை எடுத்தேன். சேச்சி என் கையைத் தட்டிவிட்டு வாக்கரை இழுத்தார். எழுந்து நிற்பதற்குள் இரண்டு முறை கட்டிலிலேயே விழுந்தார். பிடிக்கப் போன ஷீபாவை ஒரு முறைப்பு முறைத்தார். நடை, சமையலறை, பின்கட்டு என்று வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனார். நாங்கள் இருவரும் பிள்ளைபிடிப்பவர்கள்போலப் பின்னாலேயே போனோம். கக்கூஸ் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

“அம்மா! தாழ்ப்பாளை எடுங்க! விழுந்து வச்சா?”

“விழுந்தா கூப்பிடுறேன். ரெண்டு பேரும் முன்பக்கம் போங்க.”

போகவில்லை. ஷீபா கதவில் காதை வைத்தாள். நானும் வைத்தேன். உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

“இன்னும் அங்கதான் நிக்கிறீங்களா?”

இருவரும் கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டோம். உள்ளே சேச்சி பைப்பை ஆத்திரமாகத் திருகுவது கேட்டது. தண்ணீர் முழு வேகத்தில் வாளிக்குள் கொட்டத் தொடங்கியது. அந்த இரைச்சலில், சிறுநீர் போகிறதா இல்லையா என்று எங்கள் காதில் விழ வழியில்லை. ஷீபா டியூபைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். வாளி நிரம்பி வழிந்து, கதவுக்கு அடியில் கசிந்து, எங்கள் கால்களை நனைத்தது. பைப் ஓடிக்கொண்டே இருந்தது.